முன்னுக்கு நிற்பவர் திரும்பக் கூடாது

என் கணவரின் முகத்தைவிட அவருடைய முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சொன்னால் சிநேகிதிகள் சிரிப்பார்கள். குசினியில் நின்று ஏதாவது கேட்டால் சட்டியைப் பார்த்தபடியே பதில் சொல்லுவார். தெருவில் இரண்டு அடி முன்னால் நடப்பார்; நான் பின்னால் வருகிறேனா, கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேனா என்று திரும்பிப் பார்க்க மாட்டார். கலியாணமான புதிதில் இதற்காகவே எத்தனையோ சண்டை. "நீங்கள் வாறது கேக்குதுதானே, பிள்ளை" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அந்தப் 'பிள்ளை' என் அம்மாவிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது. அம்மா என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு, தமிழில் மனைவியை இப்படித்தான் கூப்பிட வேண்டுமாக்கும் என்று நினைத்துவிட்டார். திருத்திப் பார்த்தேன். பிறகு எனக்கே பிடித்துப்போய் விட்டுவிட்டேன்.

அவர் இந்தோனேசியாக்காரர். பட்மின்டன் இரட்டையர் ஆட்டக்காரர், அதுவும் நாட்டுக்காக ஆடியவர். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே ஜெர்மனிக்குப் போய் அங்கே வளர்ந்தவள். எங்கள் ஊர் பட்மின்டன் கிளப் முதலாவது அணிக்காக வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கொண்டுவரும். நான் அதே கிளப்பின் நாலாவது அணியில் இருந்தேன். நாலாவது அணி என்றால் போட்டி முடிந்ததும் கேக் வெட்டுகிற அணி. இவர் வந்து இறங்கிய நாளில் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிவரும்படி கிளப் தலைவர் என்னிடம் சொன்னார். "உங்கள் இரண்டு பேருக்கும் பேச வசதியாக இருக்கும்" என்றார். யாழ்ப்பாணத்துக்கும் ஜாவாவுக்கும் நடுவில் எவ்வளவு கடல் கிடக்கிறது என்று அந்த மனிதருக்குத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் காரில் ஒரு சொல்லும் பேசாமல் வந்தோம். கடைசியில் அவர் "ரைஸ்?" என்று மட்டும் கேட்டார். நான் காரைத் திருப்பி நேரே தமிழ்க் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே சம்பல் போத்தலைக் கையில் எடுத்துப் படித்துவிட்டு அவர் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. அவர்கள் ஊரிலும் அதற்குப் பெயர் சம்பல்தானாம்.

கலியாணப் பேச்சு எழுந்தபோது என் அண்ணைதான் கோபத்தில் துள்ளினார். "உலகத்தில வேற ஆளே கிடைக்கேல்லையோ உனக்கு" என்று கேட்டார். ஒருநாள் அம்மா சோறு போட்டபோது, இவர் கையால் பிசைந்து, பச்சை மிளகாயைக் கடித்துச் சாப்பிட்டதைப் பார்த்தார். "கையால சாப்பிடுறான். உறைப்புத் தின்னுறான். பிறகென்ன" என்று எழும்பிப் போய்விட்டார். அதுதான் சம்மதம். ஐயர் வந்து மந்திரம் சொல்ல, இவர் தாலி கட்டிக் கலியாணம் நடந்தது.

தன்னுடைய விளையாட்டுக் கதையை அவர் ஒருநாளும் ஒரே மூச்சில் சொன்னதில்லை. நான்தான் வருடக்கணக்காகப் பொறுக்கிச் சேர்த்தேன். சின்ன வயதிலேயே வீட்டை விட்டு ஒரு கிளப்பின் விடுதிக்குப் போனார். பிறகு தேசிய அணியின் பயிற்சி முகாம். அங்கே ஒற்றையர் ஆடுவதா இரட்டையர் ஆடுவதா என்று பிள்ளைகள் முடிவெடுப்பதில்லை, பயிற்சியாளர் எடுப்பார். யாருக்கு யார் சோடி என்பதும் அவர் கையில்தான். எங்கள் ஆட்கள் சாதகப் பொருத்தமாவது பார்ப்பார்கள். அங்கே பயிற்சியாளர் மட்டையை நீட்டி "நீ இவனோடு" என்பாராம். அப்படி வாய்த்த ஒரு பெடியனோடு ஏழு வருடம் ஒரே அறையில் படுத்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, வலையின் ஒரே பக்கத்தில் நின்று ஆடினார். சோடிக்காரர் பின்னால் நின்று ஓங்கி அடிக்கிறவர். இவர் முன்னால், வலையடியில் நின்று, அவருக்கு அடிக்க வாய்ப்பு உண்டாக்கிக் கொடுக்கிறவர்.

முன்னால் நிற்கிறவர் திரும்பக் கூடாது. அதுதான் இரட்டையர் ஆட்டத்தின் முதல் சட்டம். திரும்பினால் அந்த அரை நொடியில் எதிரி அடித்த ஷட்டில் உங்களைத் தாண்டிப் போய்விடும், அல்லது கண்ணில் வந்து குத்தும். பின்னால் இருப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைக் காலடிச் சத்தத்தில் அறிய வேண்டும். "அவன் ஸ்மாஷ் அடிக்கேக்க முகம் எப்படி இருக்கும் எண்டு எனக்கு டிவியிலதான் தெரியும்" என்று ஒருமுறை சொன்னார். ஏழு வருடம் சோடியாக ஆடிய ஒருவர் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு தை மாதம், பெரிய போட்டிகள் வரிசையாக இருந்த வருடத்தின் தொடக்கத்தில், பயிற்சியாளர் மட்டையை வேறு பக்கம் நீட்டினார். சோடிக்காரர் இளைய ஆட்டக்காரர் ஒருவரோடு சேர்க்கப்பட்டார். இவருக்கு ஒரு இடதுகைக்காரன் கிடைத்தான். காரணம் சொல்லப்படவில்லை.

"நீங்கள் கேக்கேல்லையோ?" என்று நான் கேட்டேன்.

"அங்கை கேக்கிறேல்லை, பிள்ளை."

புதுச் சோடி உலகம் முழுக்கப் போய் வென்றது. விமான நிலையத்தில் மாலை, நாட்டுத் தலைவரோடு படம், விளம்பரப் பலகை எல்லாம் வந்தன. இவர் கொஞ்ச நாளில் முகாமை விட்டு வெளியே வந்து, யாரோ ஒரு ஏஜண்ட் மூலம் எங்கள் ஜெர்மன் ஊருக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பழைய சோடிக்காரரைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. நல்லதும் சொன்னதில்லை. இவருக்கு அந்த ஆள்மேல் கோபமா, பாசமா, எதுவுமே இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. என் இடத்தில் யாராக இருந்தாலும் மண்டை காய்ந்திருக்கும்.

அண்ணை லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் கடை எடுத்தபோது அம்மாவையும் எங்களையும் இழுத்துக்கொண்டார். நாங்கள் செவன் கிங்ஸில் வீடு பிடித்தோம். இவருக்குக் காலையில் அண்ணையின் கடையில் ஷிப்ட். பின்னேரம் பள்ளிக்கூட மண்டபங்களில் பிள்ளைகளுக்குப் பட்மின்டன் பழக்குவார். அண்ணை வீட்டில் இவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார். கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களிடம் மட்டும், "அந்தா அரிசி மூட்டை அடுக்குறவர் ஆரெண்டு தெரியுமோ?" என்று தொடங்கிவிடுவார். பால் வாங்க வந்த சனம் பாலோடு இவருடைய சரித்திரத்தையும் வாங்கிக்கொண்டு போகும்.

2009ஆம் ஆண்டு எதுவுமே எங்களுக்கு விளங்காத ஆண்டாக இருந்தது. ஊரில் யுத்தத்தின் கடைசி மாதங்கள்; தை மாதத்திலிருந்து வைகாசி வரை லண்டன் தமிழர் யாரும் விளையாட்டைப் பற்றி யோசிக்கவில்லை. பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றோம். கத்தினோம், அழுதோம், திரும்பி வந்து வேலைக்குப் போனோம். இவரும் என்னோடு வந்து நின்றார். என்ன நடக்கிறது என்று அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. எனக்கே விளங்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த நாளில் அம்மா டிவியை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தா. அந்தக் கோடை முழுக்க வீடுகளில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை.

அப்படியான ஒரு கோடையின் கடைசியில்தான் ஜகார்த்தாவிலிருந்து போன் வந்தது.

பழைய சோடிக்காரர்தான். தேசிய முகாமை விட்டு வெளியேறிச் சொந்தப் பொறுப்பில் ஆடத் தொடங்கியிருந்தார். மட்டை செய்கிற கம்பனி ஒன்று செலவைப் பொறுப்பேற்க வந்திருந்தது. அவருடைய சோடி ஓய்வுபெற்றுவிட்டாராம். ஒரே ஒரு வருடம், உலகச் சுற்றில், பழைய சோடியோடு ஆடிவிட்டு முடித்துக்கொள்ள விரும்புகிறாராம். இவர் வாறன் என்றால் போதும், மற்றதெல்லாம் அவர் பொறுப்பு.

இதை எனக்குச் சொன்னபோதும் இவர் வெங்காயம்தான் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"யோசிக்கிறன் எண்டன்."

"இதில யோசிக்க என்ன கிடக்கு?"

 வெங்காயம் மட்டும் மிக மெல்லிசாக விழுந்துகொண்டிருந்தது.

எனக்கு உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. ஒரு வருடம் மனிதர் இருக்க மாட்டார், திரும்பி வரும்போது எப்படி இருப்பாரோ என்ற பயம். ஆனால் அதைவிட ஆசை பெரிதாக இருந்தது. கேள்வி கேட்காமல் பிரிக்கப்பட்ட ஒருவருக்கு, பிரித்தது பிழை என்று காட்ட ஒரு வருடம் கிடைக்கிறது. இவருக்கு வயது முப்பத்துமூன்று, இனி இன்னொரு தடவை கேட்க யாரும் வரப் போவதில்லை. நான் இல்போர்ட்டுக்குப் போய்ப் பெரிய சூட்கேஸ் ஒன்று வாங்கி வந்து வாசல் நடையில் நிறுத்தினேன். வாயால் எத்தனை தரம் "போங்கோ" என்று சொல்வது? சூட்கேஸ் சொல்லட்டும் என்று விட்டேன்.

அண்ணை அதைப் பார்த்தார். "விசர்க் கதை. இந்த வயசில பந்தடிக்க உலகம் சுத்தப் போறாரோ? இஞ்சை ஷிப்டுக்கு ஆள் இல்லை."

"அண்ணை, அவர் போகத்தான் வேணும்."

"அவர் போறன் எண்டு சொன்னவரோ?"

அதுதானே சிக்கல். போறன் என்றும் சொல்லவில்லை, போகேல்லை என்றும் சொல்லவில்லை. ஜகார்த்தாவிலிருந்து போன் வந்தால் பின்வளவுக்குப் போய், வேலியைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கள் மொழியில் பேசுவார். உள்ளே வந்து தேத்தண்ணி போடுவார். முதலில், விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடக்கிறது, அதுதான் தயங்குகிறார் என்று நினைத்தேன். விசா ஒட்டிய பாஸ்போர்ட் தபாலில் திரும்பி வந்தது. அதை எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பிறகு, அம்மாவைவிட்டுப் போக மனமில்லையோ என்று நினைத்தேன். பிறகு, எனக்காகத்தானோ என்று நினைத்தேன். ஒருநாள் அதில் மகிழ்ந்து, அடுத்த நாள் அதற்காகவே எரிந்து விழுந்தேன். அவர் நடையில் சூட்கேஸைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். ஒருநாளும் அதை நகர்த்தவுமில்லை.

இதற்கிடையில் லண்டனில் இருக்கிற எங்கள் யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கம் கூடியது. வருடாவருடம் நடக்கிற பட்மின்டன் போட்டியை இந்த வருடமும் நடத்துவதா என்று கேள்வி. இவ்வளவு நடந்த வருடத்தில் விளையாட்டா என்று பாதிப் பேர். அங்கே அகதி முகாம்களில் இருக்கிற சனத்துக்கு உதவி சேர்க்கவென்று நடத்தலாம் என்று மீதிப் பேர். நடத்துவதென்று முடிவானது. உடனே அடுத்த பிரச்சினை வந்தது. எங்கள் சங்கத்து விதிப்படி ஊரில் பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், ஊரில் கலியாணம் செய்தவர்கள் ஆடலாம். அண்ணை எழும்பி, "அப்ப எங்கட மாப்பிள்ளை ஆடலாம்தானே?" என்றார். ஷிப்டுக்கு ஆள் இல்லை என்ற அதே அண்ணைதான்.

"நாட்டுக்காக விளையாடின ஆளை ஊர்ப் போட்டியில இறக்கிறது அநியாயம்" என்று ஒருவர்.

"தாலி கட்டின மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே" என்று இன்னொருவர்.

பெரிய வழக்காகிவிட்டது. கடைசியில் செயலாளர் தீர்ப்புச் சொன்னார். "பெண்ணால ஊருக்கு வந்தவர். அப்ப அந்தப் பெண்ணோடதான் ஆடவேணும். கலப்பு இரட்டையர் மட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கு ஆட ஏலுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்னும் குழப்பம் என்னவென்றால், இதைப் போய்ச் சொன்னதும் இவர் ஒரு நொடி யோசிக்காமல் "ஓம், ஆடுவம்" என்றார். உலகச் சுற்றுக்குப் பதில் சொல்ல வாரக்கணக்கில் யோசிக்கிற மனிதர், ஊர்ச் சங்கப் போட்டிக்கு உடனே தலையாட்டுகிறார். எனக்குத் தலை சுற்றியது.

கலப்பு இரட்டையரில் பெண்தான் முன்னால் நிற்பாள். ஆண் பின்னால் நின்று முழு இடத்தையும் ஓடி எடுப்பான். ஆகவே வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அவருக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட மண்டபத்தில் பழகினோம். நான் ஒவ்வொரு அடிக்கும் திரும்பிப் பார்த்தேன்.

"திரும்பாதேங்கோ, பிள்ளை."

"நீங்கள் எங்கை நிக்கிறீங்கள் எண்டு எனக்கெப்பிடித் தெரியும்?"

"கேளுங்கோ."

"என்னத்தைக் கேக்கிறது?"

"கால்." தானே நடந்து காட்டினார். இரண்டு சின்ன அடி, பிறகு ஒரு பெரிய அடி. பெரிய அடி ஊன்றினால் அடிக்கப் போகிறார் என்று அர்த்தம். அதே காலால் தள்ளித்தான் நடுவுக்குத் திரும்பி வருவார். நான் தலையாட்டினேன். அடுத்த ஷட்டில் வந்ததும் மறுபடி திரும்பினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஞாயிறுகள் நன்றாகத்தான் இருந்தன. வீட்டில் பேசாத பேச்சை அங்கே பேசுவது போல இருந்தது.

போட்டிக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், இவர் கடையில் நிற்கும்போது வீட்டுப் போன் அடித்தது. பழைய சோடிக்காரர். நான் அவரோடு பேசியது அதுதான் முதல் தடவை. மெதுவான ஆங்கிலத்தில், மிக மரியாதையாக, என்னை சிஸ்டர் என்று அழைத்தார்.

"சிஸ்டர், தயவுசெய்து இன்னொரு தடவை யோசியுங்கள். ஒரு வருடம்தான்."

நான் என்ன யோசிப்பது என்று எனக்கு விளங்கவில்லை. அதையே கேட்டேன்.

"அவனுக்கு ஆசை இருக்கிறது. நீங்கள் விடமாட்டேன் என்கிறீர்கள் என்று சொல்கிறான். குடும்பம்தான் முக்கியம், எனக்கும் தெரியும். ஆனால் அவனுடைய திறமைக்கு இது நியாயமில்லை, சிஸ்டர்."

நடையில் சூட்கேஸ் நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம்: நானா விடவில்லை, நானா? என்று.  யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

அன்று பின்னேரம் முழுக்க எனக்குள் ஒரே கொதிப்பு. தலையில் ஒரு பழி, நடையில் ஒரு சூட்கேஸ். போகச் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்ட என்னை, புருஷனைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிற பெண் என்று ஒரு நாடு முழுக்க நினைக்கிறது. ஏன் அப்படிச் சொன்னார்? அந்தச் சோடிக்காரர்மேல் வன்மமா? தோற்றுவிடுவோம் என்ற பயமா? என்னை விட்டுப் போக மனமில்லாததைச் சொல்ல வெட்கப்பட்டு என் தலையில் போட்டாரா? ஒவ்வொன்றையும் நம்பிப் பார்த்தேன். ஒன்றும் அந்த மனிதருக்குப் பொருந்தவில்லை. கேட்டுவிடலாம் என்று அவர் வந்ததும் குசினிக்குப் போனேன். அவர் என் சப்பாத்துக்குப் புது நாடா கோர்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

போட்டி நடந்தது எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். முதலில் எல்லோரும் எழுந்து நின்று, இறந்தவர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தினோம். பிறகு மட்டன் ரோல்ஸ் வாசமும் தேத்தண்ணியும் பிள்ளைகளின் சத்தமுமாக மண்டபம் மெல்ல மெல்லப் பழைய மாதிரி ஆனது. அதற்காகச் சிலர் குற்ற உணர்ச்சியோடு சிரித்ததையும் பார்த்தேன். எங்கள் முதல் ஆட்டங்கள் சுலபமாக முடிந்தன. நான் வலையடியில் சும்மா நிற்க, பின்னால் நின்றவர் கையை அசைக்க, ஷட்டில் எதிரியில்லாத இடத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது. சனம் வாய் பிளந்து பார்த்தது. நான் இன்னும் கோபத்தில்தான் இருந்தேன். புள்ளி எடுத்தால் சோடி கைதட்டிக்கொள்வது வழக்கம். நான் தரையைப் பார்த்தபடி கையை மட்டும் நீட்டினேன்.

இறுதி ஆட்டத்தில் எதிரே ஒரு அண்ணனும் தங்கையும். இங்கேயே பிறந்த பிள்ளைகள். தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசி, 'அண்ணா' என்பதை மட்டும் தமிழில் சொன்னார்கள். கால் தரையில் படாமல் ஓடினார்கள். முதல் செட் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது தொடங்கும்போது நான் ஒரு முடிவோடு நின்றேன்: இந்த மனிதரின் முகத்தை இனி பார்ப்பதில்லை. அந்தக் கோபத்தில்தான், அவர் அத்தனை ஞாயிறு சொல்லியும் என்னால் முடியாத ஒன்றை நான் செய்தேன். திரும்பவே இல்லை.

திரும்பாததால் கேட்கத் தொடங்கியது.

இடது பக்கம் போனால் இரண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடி. அவர் பழக்கித் தந்த அதே தாளம். வலது மூலைக்கு ஷட்டில் போனது. சின்ன அடி, சின்ன அடி, சின்ன அடி, இன்னும் ஒரு சின்ன அடி. பெரிய அடி இல்லை. ஷட்டில் அடிபடுகிற சத்தம் மட்டும் வந்தது. அழகாக வந்து எதிர்மூலையில் விழுந்தது. சனம் கைதட்டியது. நான் கைதட்டவில்லை. தவறுதலாகக் கேட்டேனாக்கும் என்று நினைத்தேன். மறுபடி வலது மூலை. மறுபடி அதே சின்னச் சின்ன அடிகள், கடைசியில் சப்பாத்து தரையில் உரசுகிற ஒரு சத்தம். வலது காலை ஊன்றித் தள்ள அவரால் முடியவில்லை.

கை அவ்வளவு நல்ல கை. கண்ணால் பார்த்த ஒருவருக்கும் கால் தெரியவில்லை.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. செவன் கிங்ஸ் ஸ்டேஷன் படியில் அவர் எப்போதும் போனை எடுத்துப் பேசிக்கொண்டே மெதுவாக ஏறுவது. கட்டிலில் எழும்புமுன் கொஞ்ச நேரம் சும்மா இருப்பது. பிள்ளைகளுக்குப் பழக்கும்போது ஒரே இடத்தில் நின்று ஷட்டிலைப் போட்டுக் கொடுப்பது. "துள்ளி அடிக்கிறதெல்லாம் பகிடி, நிண்டு அடிச்சாக் காணும்" என்று சொல்வது. எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சோம்பல் என்றும் வயது என்றும் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். எவ்வளவு காலமாக இருக்கிறது? ஜெர்மனியிலேயே இருந்ததா? அந்தத் தை மாதம் பயிற்சியாளர் மட்டையை வேறு பக்கம் நீட்டினாரே, அது கூட இதற்காகத்தானா? தெரியவில்லை. கேட்கிற இடமும் அதுவல்ல. எதிரே அந்தப் பெடியன் சேர்வ் போடக் கையைத் தூக்கியிருந்தான்.

அதற்குப் பிறகு நான் ஆடியது போல் என் வாழ்நாளில் ஆடியதில்லை. வலது பக்கம் போகிற எதையும் பின்னால் போகவிடாமல் எட்டி எட்டி அடித்தேன். பாதி வலையில் போனது, பாதி வெளியே போனது. "அக்கா, விடுங்கோ, அவர் எடுப்பார்" என்று யாரோ பக்கத்திலிருந்து கத்தினார்கள். நான் விடவில்லை. பின்னால் அந்தக் கால்கள் ஒரு கணம் நின்றுவிட்டு, பிறகு மெல்ல இடது பக்கமாக நகர்ந்து நின்றன. வலது பக்கத்தை எனக்கு விட்டுத் தந்தார். நாங்கள் தோற்றோம்.

சனத்துக்குப் பெரிய சந்தோஷம். "சின்னப் பிள்ளையளுக்கு விட்டுக்குடுத்திட்டார்" என்று மண்டபம் முழுக்கப் பேச்சு. அண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அதுதான் பெரிய ஆட்டக்காரரின்ர குணம்" என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் சொன்னார். இவர் சிரித்துச் சிரித்துக் கைகொடுத்துக்கொண்டு நின்றார், உடம்பின் பாரம் முழுக்க இடது காலில். நான் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டு ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதும் நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மட்டும் நான் முன்னால் நடந்தேன், மிக மெதுவாக.

மறுநாள் ஞாயிறு. மத்தியானச் சமையலுக்கு அவர் குசினித் தொட்டியில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அவர் கையைத் துடைப்பதற்குள் நான் எடுத்துவிட்டேன்.

"சிஸ்டர், யோசித்தீர்களா?"

என் முன்னால் இரண்டு வழி இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம், இரக்கப்பட்டிருப்பார். இந்தோனேசியாவில் இவரைத் தெரிந்த எல்லோரும் இரக்கப்பட்டிருப்பார்கள். பெண்சாதிக்குப் பயந்து வராமல் விட்டவன் என்ற பெயரோடு இவரால் வாழ முடியும் போல. கால் போனவன் என்ற பெயரோடு முடியாது போல. ஏன் அப்படி என்று எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் எதை அவர் எனக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார் என்பது மட்டும் விளங்கியது.

"யோசித்தேன்" என்றேன். "விடமாட்டேன். இனி இதற்காகப் போன் எடுக்க வேண்டாம்."

 அவர், மரியாதை குறையாமலே, "அவனுடைய வாழ்க்கையைக் கெடுத்துவிட்டீர்கள்" என்றார். "ஓம்" என்று தமிழில் சொல்லி வைத்துவிட்டேன். அந்த மனிதர் பிறகு குடும்பத்தோடு இரண்டு முறை லண்டனுக்கு வந்து போயிருக்கிறார். எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். என்னோடு மட்டும் இன்னும் பேசுவதில்லை.

அரிசி களைகிற சத்தம் நின்றிருந்தது. இவர் தொட்டியைப் பார்த்தபடியே நின்றார்.

"ஆர், பிள்ளை?"

"உங்கட ஆள்தான்."

"என்ன சொன்னனீங்கள்?"

"விடமாட்டன் எண்டு சொன்னனான்."

"ம்" என்றார். தண்ணீரை வடித்தார். பானையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தொட்டியிலிருந்து அடுப்புக்கு நாலு எட்டுத்தான் இருக்கும். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக, நான் பார்க்கப் பார்க்க, வலது காலை இழுத்து இழுத்து நொண்டி நடந்தார்.